ஆடி மாதத்துப் பலகை

கோவைப் பக்கத்து நூல் மில் ஒன்றில் பராமரிப்பு சூப்பர்வைசராகச் சேர்ந்து, அதே பிரிவின் மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். நடுவில் 36 வருடம். இப்போதும் சில மில்களிலும் பட்டறைகளிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் பேசக் கூப்பிடுகிறார்கள். மெஷினைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நோட்டும் பேனாவுமாக வந்து உட்காருகிறார்கள். மெஷினைச் சொல்லித்தர மேனுவல் இருக்கிறது, விற்ற கம்பெனி ஆள் அனுப்புகிறது. நான் பேசுவது வேறு. ஒவ்வொரு மில்லுக்கும், பட்டறைக்கும், ஆபீசுக்கும் அதற்கே உரிய ஓர் அறிவு இருக்கிறது. பெரும்பகுதி எந்த அலமாரியிலும் இருக்காது. நாலைந்து பேரிடம் இருக்கும். அவர்கள் கேட்டைத் தாண்டிப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். அதை எப்படித் தங்கவைப்பது என்பதைத்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்குப் புரியப் பதினைந்து வருடம் ஆயிற்று. அதற்குள் நான் இழந்தது நிறைய.

தம்பிகளே, தங்கச்சிகளே, எண் போட்டிருப்பது உங்கள் வசதிக்காக. எது மனதில் முதலில் வந்ததோ அதை முதலில் எழுதியிருக்கிறேன்.

1. ஒரு பொருளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் மேற்குச் சுவரோரம் ஒரு பிளைவுட் பலகை சாய்ந்திருக்கும். நாலடிக்கு மூன்றடி, ஓரமெல்லாம் உரிந்துபோனது. சீனியர் பிட்டர் ஒருவர் 58 வயது முடிந்து ஓய்வில் போனார். அடுத்த மாதம் ‘ஃபைவ் எஸ்’ என்று டிபார்ட்மெண்டையே கழுவித் துடைத்தோம். வேண்டாத சாமானெல்லாம் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறியது. பலகையும் ஏறியது. ஏற்றச் சொன்னவன் நான்.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் மேற்குச் சுவரை ஒட்டிய நாலு ரிங் பிரேம்களில் மட்டும் லேப்பிங் கூடியது. ரப்பர் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்வதைத்தான் லேப்பிங் என்போம். பிரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் பெண்களுக்கு நிற்க நேரமில்லை. ஒரு ரோலரில் வெட்டி எடுப்பதற்குள் அடுத்ததில் சுற்றியது. ரோலரின் ரப்பர் உறையான காட்ஸில் கோளாறு என்று நினைத்து, அதைத் தேய்த்துச் சீராக்கப் பஃபிங் போட்டோம். பிறகு புது காட்ஸே மாற்றினோம். பஞ்சில் பிசுக்கு இருக்கிறதா என்று மிக்சிங்கைச் சோதித்தோம். ஈரப்பதமானி டிபார்ட்மெண்டின் நடுவில் தொங்கியது. அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்று வாரம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூலூர்ப் பக்கம் இருந்த அந்தப் பிட்டரின் தோட்டத்துக்கே போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: “அந்தப் பலகை இருக்குதுங்களா தம்பி?”

மேற்குச் சுவரில் பழைய எக்ஸாஸ்ட் ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் தகடுகள் பல வருடமாக முழுதாக மூடுவதில்லை. காற்றுக்காலத்தில் ஈரக்காற்று அதன் வழியே உள்ளே தள்ளி, அந்த மூலையில் மட்டும் ஈரத்தை ஏற்றிவிடும். அவர் ஆனிக் கடைசியில் பலகையைக் கொண்டுபோய் ஜன்னலில் சாத்திக் கம்பியால் கட்டுவார். புரட்டாசியில் எடுத்துச் சுவரோரம் வைப்பார். பன்னிரண்டு வருடமாகச் செய்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்டதில்லை. “இதெல்லாம் ஒரு விசயமுன்னு சொல்லத் தோணலீங்க தம்பி” என்றார். அவர் மறைக்கவில்லை. அது ஓர் அறிவு என்றே அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஒரு நிறுவனம் இழப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்.

2. எழுதிவைத்துவிட்டால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

மைக்கேல் போலானி என்று ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். வேதியியலில் பெயர் வாங்கிவிட்டுத் தத்துவத்துக்குப் போனவர். 1966இல் வந்த அவருடைய சின்னப் புத்தகம் ஒன்று இதைத்தான் பேசுகிறது: கைக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கு வராது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படி விழாமல் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், விளங்கும்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஹாரி காலின்ஸ் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர், டி.இ.ஏ. என்ற ஒருவகை லேசரைக் கட்டுவதற்குப் பிரிட்டிஷ் ஆய்வுக்கூடங்கள் பட்ட பாட்டைக் கவனித்தார். கட்டும் விதம் ஆய்வுக் கட்டுரைகளாக அச்சில் வந்திருந்தது. படித்தவர்கள் எல்லாரும் தேர்ந்த விஞ்ஞானிகள். ஆனால் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கூடத்தாலும் அதை ஓடவைக்க முடியவில்லை. ஏற்கெனவே ஓடவைத்தவரோடு பழகிய, நேரில் பார்த்துப் பேசிய கூடங்கள்தான் ஓடவைத்தன.

இன்னொன்று, சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட். அதன் முதல் அடுக்கில் எஃப்-1 என்ஜின்கள் ஐந்து. அதன் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை, வரைபடங்கள் பத்திரமாக இருந்தன. ஹன்ட்ஸ்வில்லில் உள்ள நாசாவின் மார்ஷல் மையத்து இளம் என்ஜினியர்கள் சிலர், கிடங்கில் இருந்த பழைய என்ஜின் ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்து வெல்டர்களும் பிட்டர்களும் ஒவ்வொரு என்ஜினையும் கையால் சரிசெய்து சரிசெய்து முடித்திருந்தார்கள். அந்தக் கைவேலை தாளில் ஏறவே இல்லை. பாகங்களை ஸ்கேன் செய்து, அளந்து, முதலிலிருந்து புரிந்துகொண்டு, 2013 ஜனவரியில் அதன் கேஸ் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். உலகத்திலேயே அதிகமாகக் காகிதம் எழுதிய திட்டங்களில் அதுவும் ஒன்று. அங்கேயே இந்தக் கதி.

நம் ஊர் வார்ப்படப் பட்டறைக்கு வாருங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அது புத்தகத்தில் இருக்கிறது. ஒரு நீளமான வார்ப்பு ஆறும்போது எந்தப் பக்கம் வளையும், அதற்கு எதிராகப் பேட்டர்னில் எவ்வளவு வளைவு கொடுத்துவைக்க வேண்டும் என்பது, அந்த ஒரு பேட்டர்னைப் பல தடவை திருத்திய மேஸ்திரிக்குத்தான் தெரியும்.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்து, ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று செய்து பார்த்தவனுக்கு ஞாபகப்படுத்தும். பார்க்காதவனுக்கு அது சமையல் குறிப்பில் வரும் ‘தேவையான அளவு உப்பு’ போலத்தான்.

3. எழுதும்போது காரணத்தை எழுதுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் பலர் ராணுவத்துக்குப் போய்விட, வேலையே பார்த்திராத புது ஆட்கள் லட்சக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் வேலை பழக்க 1940 முதல் 1945 வரை டி.டபிள்யூ.ஐ. என்ற பயிற்சித் திட்டம் நடந்தது. போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. டொயோட்டாவின் வேலைப் பழக்கத்துக்கு அதுவும் ஒரு வேர். இன்று புழங்கும் வடிவத்தில் அதன் தாள் மூன்று கட்டங்கள் கொண்டது. முதல் கட்டத்தில் வேலையின் படிகள். இரண்டாவதில் ஒவ்வொரு படியிலும் உள்ள சூட்சுமம். மூன்றாவதில் அந்தச் சூட்சுமத்துக்குக் காரணம்.

நான் பார்த்த நூற்றுக்கணக்கான எஸ்.ஓ.பி. செய்முறைத் தாள்களில் முதல் கட்டம் இருக்கும், இரண்டாவது அரைகுறையாக இருக்கும், மூன்றாவது இருக்கவே இருக்காது. எங்களிடமே ஒன்று இருந்தது: “டிராவலர் மாற்றியபின் வேகத்தைக் குறைத்து ஓட்டவும்.” அவ்வளவுதான். உற்பத்திக் கணக்கு இடித்த ஒரு மாதத்தில், புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்த வரியைப் பார்த்தார். ஏன் குறைக்க வேண்டும் என்று அதில் இல்லை. அன்றைக்கே முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டார். ஸ்பிண்டில் நிமிடத்துக்குப் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் சுற்று சுற்றுகிறது. டிராவலர் என்ற, நகக்கீறல் அளவுள்ள அந்தக் கம்பி வளையம் ரிங்கின் மேல் உராய்ந்துகொண்டே ஓட வேண்டும். பழகி உட்காரும் முன் வேகம் கொடுத்தால் சூடேறி எரியும், பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு இரவு அதுதான் நடந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத கட்டளையை நெருக்கடி வரும்போது யாரும் மீறத்தான் செய்வார்கள். அந்த வரியை அப்படி எழுதி வைத்த நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பலகைக் கதைக்குப் பிறகு புதுப் பலகை வாங்கினோம். எனாமல் பெயிண்டால் அதன் மேலேயே எழுதச் சொன்னேன்: எந்த ஜன்னலுக்கு, எப்போது சாத்துவது, எப்போது எடுப்பது, சாத்தாவிட்டால் எந்தப் பிரேமில் என்ன ஆகும். கண்டுபிடித்தவர் பெயரையும். கம்ப்யூட்டரில் ஏற்றலாமே என்றார் ஒருவர். ஏற்றுங்கள், ஆனால் பலகையைத் தூக்குகிறவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டா தூக்குவான்? அறிவு எந்த இடத்தில் தேவைப்படுகிறதோ அந்த இடத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

4. முதல் ஆறு மாதம் ஒரு நோட்டு வையுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் உள்ள வரம் ஒன்று இருக்கிறது: எல்லாம் விநோதமாகத் தெரியும். இந்த வால்வில் ஏன் துணி கட்டியிருக்கிறது? இந்தப் பார்ட்டிக்கு மட்டும் ஏன் பில்லை இரண்டு பிரதி எடுக்கிறார்கள்? திங்கட்கிழமை மட்டும் ஏன் இந்த மெஷினை அரை மணி முன்னால் ஓடவிடுகிறார்கள்? எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆறு மாதம் போனால் இந்தக் கண் மூடிக்கொள்ளும். நீங்களும் துணி கட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். புதியவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போய்த்தான் பழையவருக்கே தன்னிடம் இருப்பது தெரியவரும். அந்தப் பிட்டரிடம் பன்னிரண்டு வருடத்தில் ஒரு பயிற்சிப் பையன் பலகையைப் பற்றிக் கேட்டிருந்தால் போதும்.

5. ஷிப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள், எழுத்தாலும் சொல்லுங்கள், இடத்தையும் காட்டுங்கள்.

இதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் அறிவு ஒவ்வொரு நாளும் மூன்று தடவை கைமாறுகிறது. ஓய்வு பெறுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தத் தினசரி ஓய்வைக் கவனிப்பதில்லை.

வடகடலில், ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால், பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்-எரிவாயு மேடை இருந்தது. 1988 ஜூலை 6 பகல் ஷிப்டில் ‘ஏ’ பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. குழாய் வாயில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதே பம்பின் பராமரிப்புக்கு ஒரு பெர்மிட். கழற்றிய வால்வுக்கு வேறொரு பெர்மிட். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு முதல் பெர்மிட் தெரியும். வால்வு இல்லை என்பது தெரியாது. இரவு ‘பி’ பம்பு நின்றுபோனது. ‘ஏ’ பம்பை ஓட்டினார்கள். கசிந்தது, வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

லார்ட் கல்லன் தலைமையில் நடந்த விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. மேடையின் அமைப்பு, தீயணைப்பு, தப்பிக்கும் வழி என்று தவறுகள் பல. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஷிப்ட் மாற்றம்தான். பகலில் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்திருந்த ஒரு விஷயம், சில மணி நேரத்தில் அந்த நிறுவனத்துக்கே தெரியாத விஷயமாகிவிட்டது. யாரும் வேலையை விட்டுப் போகவில்லை, யாரும் ஓய்வு பெறவில்லை.

அதைப் படித்த பிறகு நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஷிப்ட் முடிகிறவரும் வருகிறவரும் பத்து நிமிடம் ஒன்றாக நடப்பார்கள். முடியாத வேலை எந்த மெஷினில் இருக்கிறதோ அதன் முன்னால் நின்றுதான் பேச வேண்டும். வருகிறவர் தான் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் லாக்புக்கில் இருவர் கையெழுத்தும். பத்து நிமிடம் உற்பத்தி போகிறது என்று மேலே இருந்து கேள்வி வந்தது. பைப்பர் ஆல்ஃபாவைச் சொன்னேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

6. காலி நாற்காலியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இங்கிலாந்தில் ஃப்ளிக்ஸ்பரோ என்ற ஊரில் நைலானுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை. வரிசையாக ஆறு ரியாக்டர்கள். 1974 மார்ச் கடைசியில் ஐந்தாவதில் விரிசல் கண்டது. அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் இணைக்க ஒரு தற்காலிகக் குழாய் போட்டார்கள். அந்தக் குழாய்க்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து செய்தார்கள். ஆலையின் ஒர்க்ஸ் என்ஜினியர் அந்த வருடத் தொடக்கத்தில் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. இருந்தவர்கள் சுறுசுறுப்பானவர்கள், நல்ல எண்ணம் உள்ளவர்கள். அழுத்தம் ஏறும்போது வளைந்த குழாய் எப்படித் திமிறும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் அவர்களில் இல்லை. தங்களுக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஜூன் 1, சனிக்கிழமை மாலை, அந்தக் குழாய் பிய்ந்து ஆலை வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். வார நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர்.

ஒருவர் போனபின் “இருக்கிறவர்களை வைத்துச் சமாளிக்கலாம்” என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருநாள் உட்காருவீர்கள். அவர் செய்த வேலைகளின் பட்டியலை மட்டும் பங்கு பிரிக்காதீர்கள். எந்தக் கேள்வி வந்தால் எல்லாரும் அவரிடம் போனோம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இனி யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால், பெயர் கிடைக்கும்வரை அந்த வேலையைத் தொடாதீர்கள்.

7. சொல்லித்தராதவரைக் கஞ்சன் என்று நினைக்காதீர்கள்.

இதில் நான் நெடுநாள் தவறாக இருந்தேன். ஒரு டர்னர் இருந்தார். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் லேத்தை நிறுத்திவிட்டுப் பீடி பிடிக்கப் போய்விடுவார். பொறாமைக்காரர் என்று பேசுவோம். ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். முன்பு வேலை பார்த்த பட்டறையில் இரண்டு பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தாராம். அவர்கள் பழகியதும், சம்பளம் அதிகம் வாங்குகிறவர் என்று இவரைத்தான் முதலில் நிறுத்தினார்களாம். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். அவர் செய்தது நியாயம்தான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. அறிவு ஒருவருடைய ஒரே சேமிப்பாக இருக்கும்போது அதை எடுத்துக் கொடு என்று கேட்பதற்கு முன், அவருக்கு நாம் என்ன உறுதி கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

உறுதி, பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜெராக்ஸ் கம்பெனியில் காப்பியர் மெஷின் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களோடு ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் கூடவே சுற்றினார். 1996இல் புத்தகமாக எழுதினார். அந்த டெக்னீஷியன்கள் மேனுவலைவிட, காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளிலிருந்துதான் சிக்கலான பழுதுகளைக் கற்றார்கள். பிறகு யுரேகா என்ற பெயரில் அந்த நிறுவனம், டெக்னீஷியன்களே தங்கள் உபாயங்களை எழுதிப் பகிர ஓர் ஏற்பாடு செய்தது. சக டெக்னீஷியன்கள் சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் அது ஏறும். எழுதியவர் பெயரோடு ஏறும். அந்தப் பெயர்தான் கூலி. தன் கண்டுபிடிப்பு தன் பெயரோடு பல ஊர்களில் புழங்குவதைப் பார்க்கும் மனிதர் அடுத்ததையும் சொல்வார்.

நம் இடங்களில் நடப்பது என்ன? பிட்டர் சொன்ன யோசனை, சூப்பர்வைசர் பெயரில் மேலாளரிடம் போய், மேலாளர் பெயரில் இயக்குநரிடம் போகிறது. நீங்கள் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நிற்கும் நாள் வரும்போது, முதல் பெயரை அப்படியே மேலே கொண்டுபோங்கள். ஒருவருடைய பெயரை ஒருமுறை விழுங்கிவிட்டால் அவர் வாய் அதோடு மூடிக்கொள்ளும். பிறகு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கியும் பயனில்லை.

8. வாட்ஸாப்பில் போட்டாயிற்று என்று இருக்காதீர்கள்.

இப்போது எல்லாப் பட்டறையிலும் ஒரு குரூப் இருக்கிறது. பழுதான பாகத்தின் போட்டோ, குரல் செய்தி, “சரி ஆயிடுச்சுங்க” என்று ஒரு பதில். அந்த நேரத்துக்கு அது அருமையான கருவி, நானே வியந்திருக்கிறேன். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே பழுது வரும்போது, காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் அதைத் தேட முடியாது. போன் மாறினால் அதுவும் இல்லை. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் அரை மணி உட்கார்ந்து அந்த வாரத்துப் பழுதுகளை மெஷின் எண் வாரியாக ஒரே இடத்தில் எழுத வேண்டும். நோட்டு போதும்.

இதே நோய் ஆபீசில் எக்செல் வடிவத்தில் வரும். ஒருவர் பத்து வருடமாகக் கட்டிய கோப்பு. உள்ளே என்ன சூத்திரம் ஓடுகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவில் போகும் வாரத்தில், இன்னொருவரை அதை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். எங்கே முட்டுகிறாரோ அங்கேதான் எழுத வேண்டியது இருக்கிறது.

9. பலிக்காததையும் எழுதுங்கள்.

ட்ரெவர் க்ளெட்ஸ் என்று பிரிட்டனில் ரசாயன ஆலைப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் இருந்தார். ஒரே வகை விபத்து ஒரே நிறுவனத்தில் சில வருட இடைவெளியில் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்து, நிறுவனத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, மனிதர்களுக்குத்தான் உண்டு, அந்த மனிதர்களோ போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க எச்சரித்தவர். அப்படி மறந்துபோகாமல் இருக்க, எங்கள் லேப்பிங் விஷயத்தில் காட்ஸ் மாற்றியும் சரியாகவில்லை என்பதை எழுதிவைத்தோம். அது தோற்ற முயற்சி. ஆனால் இன்னொரு யூனிட்டில் அதே தொல்லை வந்தபோது, காட்ஸுக்குச் செலவழிக்காமல் நேரே ஜன்னலைப் பார்க்கப் போனார்கள்.

10. ஆடிட்டுக்காக எழுதாதீர்கள்.

ஐஎஸ்ஓ 9001 தரச்சான்றின் 2015ஆம் வருடப் பதிப்பில், நிறுவனம் தன் வேலைக்குத் தேவையான அறிவை இனம்கண்டு காக்க வேண்டும் என்று 7.1.6 என்ற பிரிவு இருக்கிறது. நல்ல பிரிவு. ஆடிட்டுக்கு முந்தின வாரம் கூடி உட்கார்ந்து ரிஜிஸ்டரை நிரப்பினால் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் ஆடியில் காற்றடிக்கும்போது அந்த ரிஜிஸ்டர் எதற்கும் உதவாது.

11. ஓய்வு பெறுகிறவரிடம் கடைசி மாதத்தில் கேட்காதீர்கள்.

சால்வை, மோதிரம், குரூப் போட்டோ என்று போகும் மாதம் அது. “எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க” என்று ஒரு நோட்டைக் கையில் கொடுப்போம். நானும் கொடுத்திருக்கிறேன். நாலு பக்கம் எழுதுவார்கள். அந்த நாலு பக்கமும் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். தெரியாதது அவர்களுக்கு ஞாபகம் வராது, ஏனென்றால் அது ஞாபகத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஆடி வந்தால் கை பலகையைத் தேடும். அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வருடம் முன்னாலேயே ஓர் ஆளைக் கூட விடுங்கள். குறைந்தது எல்லாப் பருவமும் ஒரு சுற்று வர வேண்டும்; மழைக்காலத் தொல்லை கோடையில் வராது, தீபாவளி ஆர்டர் சித்திரையில் வராது. முதல் வருடம் பெரியவர் செய்ய இளையவர் பார்க்கட்டும். இரண்டாம் வருடம் இளையவர் செய்ய, பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். இரண்டாம் வருடத்தைத்தான் எல்லாரும் வெட்டிச் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள். உண்மையில் அறிவு கைமாறுவது அப்போதுதான். இளையவர் தப்பான நட்டைத் தொடப்போகும்போது பெரியவர் வாயிலிருந்து “அதைத் தொடாதீங்க” என்று வரும் பாருங்கள், அதை எந்த நோட்டிலும் அவரால் எழுதியிருக்க முடியாது.

ஜப்பானில் இசே என்ற இடத்தில் மரத்தாலான கோயில் ஒன்றை இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டுகிறார்கள். போர்க்காலங்களில் விட்டுப்போனதும் உண்டு. ஆனாலும் ஏழாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. 2013இல் கட்டியது 62ஆவது முறை. மரம் உளுத்துப்போகும் என்பது மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. இருபது வயதில் எடுபிடியாக வந்தவன் நாற்பதில் தச்சனாக நிற்பான், அறுபதில் மேற்பார்வை பார்ப்பான். கட்டிடத்தைக் காப்பாற்ற நினைத்திருந்தால் கல்லில் கட்டியிருக்கலாம். அவர்கள் தச்சர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

12. ஓய்வில் போனவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

வேலை கேட்டு வந்தவரைப் போல இல்லாமல், பழம் வாங்கிக்கொண்டு, நேரம் வைத்துக்கொண்டு போங்கள். அவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. முடிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டிவந்து டிபார்ட்மெண்டில் நடக்கவிடுங்கள். வண்டிச் செலவும் ஒரு நாள் சம்பளமும் மரியாதையாகக் கொடுங்கள். நடக்கும்போது எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நின்ற இடத்தில் கேளுங்கள்.

அந்தப் பிட்டரை நான் அப்படி மூன்று தடவைதான் கூட்டிவந்தேன். அவரிடம் இன்னொரு வித்தை இருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் மெஷினின் பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். “இது அடுத்த வாரம் போயிருமுங்க” என்பார். போகும். நானும் பலமுறை அதே ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லா பேரிங்கும் ஒரே இரைச்சல்தான். ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி, நல்லதையும் கெட்டதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, என்ன வித்தியாசம் என்று பழக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். தீபாவளி நெரிசல் முடியட்டும் என்று தள்ளினேன். அந்த வருடம் தை மாதம் அவர் தவறிவிட்டார்.

இப்போது வைப்ரேஷன் மீட்டர் வந்துவிட்டது. நல்ல கருவி, எல்லாருக்கும் ஒரே எண்ணைக் காட்டும், பெயிண்டால் எழுதிய பலகையைப் போல ஆளை நம்பி இருப்பதில்லை. அவர் காதுக்கு அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டது என்ன சத்தம் என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.